கேமராவுக்கு பெரிய மெமரி கார்டு வாங்கப் போறீங்களா? எஸ்பி ரோடு கெளம்புறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டுப் போங்க

பெங்களூர்ல கரகத் திருவிழா அன்னிக்கு ராத்திரி தர்மராயர் கோயில் வாசல் பக்கத்துல ஒரு வீட்டுப் படிக்கட்டு ஓரமா எடம் புடிச்சு நின்னேன், பௌர்ணமி ராத்திரி, ஜனம்னா ஜனம் அப்படி ஒரு ஜனம். கரகம் வெளிய வர நடுராத்திரி தாண்டிடும்னு தெரியும், தெரிஞ்சும் கை சும்மா இருக்கல, கரகத்துக்குக் காவலா வர்ற வீரகுமாரருங்க கத்தி, மல்லிப்பூ கூடை, அப்பா தோள்ல உக்காந்தபடியே தூங்குற கொழந்தைனு எல்லாத்தையும் ரா (RAW, கேமரா புடிச்சது சுருக்காம அப்படியே இருக்கற பெரிய ஃபைல்), ஜேபெக் (சுருக்கின சின்ன ஃபைல்) ரெண்டும் சேத்து எடுத்துத் தள்ளிட்டேன். "கோவிந்தா"னு சத்தம் கெளம்பி, பூவால கட்டின கோபுரம் மாதிரி கரகம் வாசல்ல தெரியுது, கேமராவ தூக்குறேன், ஸ்க்ரீன்ல கார்டு ஃபுல்னு வருது. 16 ஜிபி கார்டு. பாக்கெட்ல இன்னொண்ணு கெடையாது. எந்த படத்த அழிக்கலாம்னு நான் தேடி முடிக்கறதுக்குள்ள கரகம் தெரு முக்கு திரும்பிடுச்சு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா நான் நின்ன எடத்துலேர்ந்து நடக்கற தூரத்துல எஸ்பி ரோடு, மெமரி கார்டு மூட்டை மூட்டையா கெடைக்கற எடம், அத்தனை கடையும் ஷட்டர் எறக்கிக் கெடக்கு.

அந்த கோவத்துல மறுநாளே போய் கடைல இருக்கறதுலயே பெருசா ஒரு கார்டு கேட்டு வாங்கிட்டு வந்தேன், அதையும் தப்பா வாங்கினேன். எடம் நெறைய இருந்துச்சு, ஆனா நாலு படம் தொடர்ந்து எடுத்தா கேமரா மூச்சு வாங்கிட்டு நிக்கும். ஜிபி மட்டும் பாத்து வாங்கினதோட பலன். அதுக்கப்புறம் கத்துக்கிட்டத, எங்க அல்சூர் தெருவுல புதுசா கேமரா வாங்கற பசங்க வந்து கேக்கும்போதெல்லாம் சொல்ற அதே வரிசையில இங்க எழுதுறேன். இந்த வரிசைல ஜிபி மூணாவதாதான் வரும், மொதல்ல இல்ல.

ஸ்டெப் ஒண்ணு, கேமரா என்ன ஏத்துக்கும்னு பாக்கணும். கார்டு ஸ்லாட் மூடிய தொறந்தா உள்ளயோ மூடி மேலயோ சின்னதா எழுதியிருப்பாங்க, இல்லன்னா மேனுவல்ல பின் பக்கம் ஸ்பெசிஃபிகேஷன்ல இருக்கும், மேனுவல் தொலைஞ்சிருந்தா கம்பெனி சைட்ல பிடிஎஃப் எறக்கிக்கலாம். பெரும்பாலான கேமராவுக்கு எஸ்டி கார்டுதான், ஆனா அதுலயே மூணு சாதி இருக்கு, பாக்க எல்லாம் ஒரே சைஸ் ஒரே ஷேப், அதான் கொழப்பமே. வெறும் எஸ்டினு போட்டிருந்தா 2 ஜிபி வரைக்கும். எஸ்டிஹெச்சினு இருந்தா 32 ஜிபி வரைக்கும், இது 2006ல வந்தது. எஸ்டிஎக்ஸ்சினு இருந்தா 32க்கு மேல 2 டிபி வரைக்கும், இத 2009ல அறிவிச்சாங்க. இதுக்கு மேல எஸ்டியூசினு ஒண்ணும் இருக்கு, அது இப்போதைக்கு நம்ம கவலை இல்ல.

பெரிய சாதி கேமராவுல சின்ன சாதி கார்டு போடலாம், ஓடும். தலைகீழா போட்டா ஓடாது. எங்க கீழ்வீட்டு தம்பி, ஒயிட்ஃபீல்டுல வேலைக்குச் சேந்த புதுசுல, செகண்ட்ஹேண்ட்ல ஒரு நிக்கான் டி90 வாங்கினான். நல்ல கேமரா, இப்பவும் கலர் அள்ளும், ஆனா அது 2008ல வந்த மாடல், எஸ்டிஹெச்சியோட நின்னுடும். அது தெரியாம ஆஃபர்ல 64 ஜிபி வாங்கிட்டு வந்து, "அண்ணா, கேமரா கெட்டுப்போச்சு போலருக்கு, கார்ட எடுத்துக்க மாட்டேங்குது"னு மொகம் வாடி நிக்குறான். "கேமராவுக்கு ஒண்ணும் ஆகலடா, அதுக்கு இந்த கார்டோட பாஷை தெரியாது, 32 வாங்கிட்டு வா"னு அனுப்பினேன். சில பேரு 64அ கம்ப்யூட்டர்ல ஃபேட்32ங்கற பழைய முறையில ஃபார்மட் பண்ணி பழைய கேமராவுல ஓட்டுவாங்க, ஓடவும் ஓடும், ஆனா கல்யாண வீட்டுல நடுவுல எப்ப காலை வாரும்னு சொல்ல முடியாது, நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன்.

இன்னும் பழைய சின்ன கேமரா வீட்டுல கெடக்கும், ஒலிம்பஸ், ஃபூஜி இதுலல்லாம் எக்ஸ்டி பிக்சர் கார்டுனு தனி வகை வரும், அதுல 2 ஜிபிக்கு மேல கார்டே கெடையாது, பெருசு தேடி அலையாதீங்க. அதே மாதிரி வெலை ஒசந்த புது கேமரா சிலதுல சிஎஃப்எக்ஸ்பிரஸ்னு வேற கார்டு வரும், அதுலயும் டைப் ஏ, டைப் பி னு ரெண்டு, ஒண்ணோட ஸ்லாட்ல இன்னொண்ணு போகாது. சோனிக்காரங்க டைப் ஏ பக்கம், நிக்கான், கேனான் டைப் பி பக்கம். அந்த ரேஞ்சுல கேமரா வாங்கினவங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணுமில்ல, அப்படியே அடுத்த பாராவுக்குப் போயிடுங்க.

ஸ்டெப் ரெண்டு, வேகம். இதுலதான் கடைக்காரங்க நம்மள நல்லா சுத்த விடுவாங்க, ஏன்னா கார்டு மூஞ்சில பெரிய எழுத்துல 170, 200னு ஒரு நம்பர் இருக்கும், அது படிக்கற வேகம், அதாவது கார்டுலேர்ந்து லேப்டாப்புக்கு காப்பி பண்ணும்போது வர்ற வேகம், அதுவும் நல்லா இருக்கற நேரத்துல. கேமராவுக்கு வேணுங்கறது எழுதற வேகம், அத பொடி எழுத்துல அட்டைப் பெட்டி பின்னாடி போட்டிருப்பாங்க, சிலர் போடவே மாட்டாங்க. யூஹெச்எஸ் ஒண்ணுனு சொல்ற சாதாரண கார்டுக்கு பஸ் வேகமே, அதாவது கார்டுக்கு டேட்டா போய் வர்ற பாதையோட வேகமே, செகண்டுக்கு 104 எம்பிதான் உச்சம், அப்ப 200 எங்கேர்ந்து வருதுனு கேட்டா, கம்பெனிக்காரங்க தனியா ஒரு வித்தை வெச்சு ஏத்துறாங்க, அதுக்கு தோதான ரீடர் இருந்தாத்தான் அது வரும், கேமராவுக்குள்ள வராது.

ஏன் எழுதற வேகம் முக்கியம்னு கேப்பீங்க. நம்ம ஊரு தண்ணி கதைய வெச்சே சொல்றேன். டேங்கர் லாரி வந்து சம்ப்ல தண்ணிய கொட்டுது, கீழேர்ந்து மோட்டர் மேல் டேங்குக்கு ஏத்துது. மோட்டர் சின்னதா இருந்தா சம்ப் ரொம்பிடும், டேங்கர்காரன் பைப்ப மூடிட்டு பீடி பத்த வெச்சுக்கிட்டு நிப்பான், சம்ப்ல எடம் வந்தாத்தான் மறுபடி தொறப்பான். கேமராவுக்குள்ள பஃபர்னு இருக்கே அதான் சம்ப், கார்டோட எழுதற வேகம்தான் மோட்டர். செகண்டுக்கு பத்து படம் எடுக்கற கேமரா, ஒரு ரா ஃபைல் 25 எம்பினு வெச்சாக்கூட செகண்டுக்கு 250 எம்பி கொட்டுது, எந்த சாதாரண கார்டாலயும் அத அப்படியே உள்ள வாங்க முடியாது, அதனால சம்ப் ரொம்பற வரைக்கும் ஓடிட்டு நின்னுடும். கார்டு வேகமா இருந்தா சீக்கிரம் காலியாகி அடுத்த ரவுண்டுக்கு ரெடியாகும். கொக்கரேபெல்லூர்ல நாரை கூட்டுல எறங்கற நேரத்துக்கு ஒரு ரவுண்டு எடுத்துட்டு, கேமராவுல செவப்பு லைட் மினுக்கிட்டே இருக்க, அடுத்த நாரை வந்து எறங்கறத வெறுங்கண்ணால பாத்துட்டு நின்னவன் நான்.

வீடியோவுக்கு சம்ப் கதை உதவாது, அது நிக்காம ஓடற கொழாய். அதனால கார்டு எந்த நேரத்துலயும் இந்த வேகத்துக்குக் கீழ போகாதுனு கம்பெனி உத்தரவாதம் தரணும், அந்த உத்தரவாதம்தான் கார்டு மேல இருக்கற சின்னச் சின்ன குறி. சி எழுத்துக்குள்ள 10னு இருந்தா செகண்டுக்கு கொறஞ்சது 10 எம்பி. கிண்ணம் மாதிரி இருக்கற யூ எழுத்துக்குள்ள 1 இருந்தா அதுவும் 10தான், 3 இருந்தா 30. வி30னு இருந்தா 30, வி60னா 60, வி90னா 90. பெரிய 200அ விட்டுட்டு இந்த பொடிக் குறிய பாத்து வாங்குங்க. கார்டுல ஏ1, ஏ2னு ஒண்ணு போட்டிருக்கும், அது ஃபோன்ல ஆப் ஓட்டறதுக்கு, கேமராவுக்கு அதனால ஒண்ணும் ஆகப் போறதில்ல, அதுக்காக காசு சேத்துக் குடுக்காதீங்க.

எனக்குத் தெரிஞ்சு புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழற எடம் ஒண்ணு இருக்கு. கேமராவுல வீடியோ 100 எம்பிபிஎஸ்னு (Mbps) இருக்கும், ஐயோ 100ஆ, அப்ப வி90 வேணுமேனு பயந்துடுவாங்க. அது மெகாபிட். கார்டு கணக்கு மெகாபைட். எட்டால வகுக்கணும், 12.5தான் வரும். அப்ப வி30 கார்டு தாராளமா போதும். சோனி ஏ6400ல 100 எம்பிபிஎஸ் 4கே எடுக்கணும்னா யூ3 குறி இருக்கற கார்டு கேக்கும், அவ்வளவுதான், அதுக்கு மேல கேக்காது. ஆக மொத்தம் 24 மெகாபிக்சல் கேமரா, குடும்ப ஃபங்ஷன், கொஞ்சம் 4கே, இதுதான் உங்க வாழ்க்கைனா வி30 வாங்குங்க, நிம்மதியா இருங்க.

யூஹெச்எஸ் ரெண்டுனு ஒண்ணு இருக்கு, கார்ட திருப்பிப் பாத்தா பளபளனு இருக்கற உலோகப் பின்னு ரெண்டு வரிசையா இருக்கும், உச்ச வேகம் செகண்டுக்கு 312 எம்பி. வெலையும் அதுக்குத் தகுந்த மாதிரி எகிறும். உங்க கேமரா ஸ்லாட் அதுக்குத் தகுந்ததா இருந்தா மட்டும் வாங்குங்க, இல்லன்னா அந்த ரெண்டாவது வரிசை சும்மா அலங்காரத்துக்கு, ஓடும் ஆனா யூஹெச்எஸ் ஒண்ணோட வேகத்துலதான் ஓடும். ரெண்டு ஸ்லாட் இருக்கற கேமராவுல கூட ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்னு நெனைக்காதீங்க, சோனி ஏ7 மார்க் 3ல மொத ஸ்லாட் மட்டும்தான் யூஹெச்எஸ் ரெண்டு, அடுத்தது யூஹெச்எஸ் ஒண்ணு. ஒரே படத்த ரெண்டு கார்டுலயும் எழுதுற மாதிரி வெச்சா மெதுவா இருக்கற கார்டு எழுதி முடிக்கிற வரைக்கும் வேகமான கார்டும் காத்துக் கெடக்கணும், மாட்டு வண்டியில ஒரு மாடு நொண்டின கதைதான்.

ஸ்டெப் மூணு, இப்பதான் ஜிபி. உங்க கேமராவுல ஒரு படம் எடுத்து கம்ப்யூட்டர்ல அதோட சைஸ பாருங்க, யாரு சொல்றதையும் நம்ப வேணாம். என் 24 மெகாபிக்சல் கேமராவுல ரா சுமாரா 28, ஜேபெக் சுமாரா 12, ரெண்டும் சேந்து 40 எம்பி. 16 ஜிபில 400 படம், கரகத்தன்னிக்கு அந்த 400 எங்க போச்சுனு இப்ப புரியுது. 32ல 800, 64ல 1600. ஜேபெக் மட்டும் எடுக்கறவங்களுக்கு 32லயே 2600க்கு மேல போகும், அவங்க பெரிய கார்டு வாங்கறதே தேவையில்லாத செலவு. வீடியோ கணக்கு வேற, 100 எம்பிபிஎஸ்ல ஒரு நிமிஷத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அக்கா பொண்ணு அரங்கேற்றம் ரெண்டு மணி நேரம் முழுசா எடுக்கணும்னா 90 ஜிபி, அப்ப 128 இல்லாம ஆகாது. இன்னொண்ணு, 32 ஜிபி வரைக்கும் இருக்கற கார்டு ஃபேட்32ல ஓடும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்ட முடியாது, அதனால நீள வீடியோவ கேமரா துண்டு துண்டா வெட்டி வெக்கும். 64லேர்ந்து எக்ஸ்ஃபேட்ங்கற வேற முறை, கார்டால வர்ற இந்த 4 ஜிபி தொல்லை அதுல கெடையாது.

64 ஜிபி வாங்கி கம்ப்யூட்டர்ல போட்டா 59 சொச்சம்தான் காட்டும், உடனே கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க, அவங்க ஆயிரத்தால பெருக்கறாங்க விண்டோஸ் 1024ஆல வகுக்குது, ஏமாத்தெல்லாம் இல்ல.

ஒரே 128ஆ, ரெண்டு 64ஆ? நான் ரெண்டு 64 கட்சி. வீட்டு நகை மொத்தத்தையும் ஒரே டப்பாவுல போட்டு பஸ்ல மறந்துட்டு எறங்கற வேலை எனக்கு வேணாம். ஆனா இதுக்கு எதிர்கட்சியும் நியாயமாத்தான் பேசறாங்க, கார்டு மாத்தி மாத்தி போடும்போதுதான் தொலையுது, பின்னு அழுக்காகுது, கீழ விழுதுங்கறாங்க. ரெண்டு ஸ்லாட் கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு இந்த பட்டிமன்றமே வேணாம். மத்தவங்க ரெண்டு வாங்கினா மார்க்கர்ல 1, 2னு எழுதி, ரொம்பின கார்ட பெட்டில மூஞ்சி கவுத்து வெச்சுப் பழகுங்க, அவசரத்துல ரொம்பினதையே மறுபடி போட்டு ஃபார்மட் குடுத்தவங்கள எனக்குத் தெரியும்.

இப்ப கடைக்குப் போலாம். அல்சூர் பக்கத்துலேர்ந்து போறவங்க பர்ப்பிள் லைன்ல மெஜஸ்டிக் போய், க்ரீன் லைன் மாறி, அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டைல எறங்கி நடந்தா எஸ்பி ரோடு, வண்டி எடுத்துட்டுப் போனா பார்க்கிங்குக்கே அரை நாள் போயிடும். கன்னடம், ஹிந்தி, தமிழ் எதுல கேட்டாலும் பதில் வரும். வெலை சொல்லிட்டு கடைசியா ஒரு கேள்வி கேப்பாங்க, "பில் பேக்கா சார்?", அதாவது பில்லு வேணுமானு. பில்லு வேணாம்னா நூறு இருநூறு கொறையும். வேணும்னு சொல்லுங்க. ஜிஎஸ்டி போட்ட பில்லு, அதுல கார்டு பேரு, எத்தன ஜிபிங்கறது எல்லாம் எழுதி வாங்குங்க, கார்டுக்கு கம்பெனி வருஷக் கணக்குல வாரண்டி குடுக்குது, பில்லு இல்லாம அது வெறும் காகிதப் பேச்சு.

ஏன்னா போலி கார்டு நெஜமாவே நெறைய இருக்கு. என் மச்சான் பிளாட்பாரத்துல 256 ஜிபி கார்டு பாதி வெலைக்கும் கம்மியா கெடைச்சுதுனு காலர தூக்கி விட்டுட்டு வந்தார். கம்ப்யூட்டர்ல போட்டா 256னுதான் காட்டுது. மைசூர் ட்ரிப் போய் வந்து பாத்தா மொதல் கொஞ்சம் படம் நல்லாருக்கு, அதுக்கப்புறம் பாதி படம் சாம்பல் கலர், மீதி தொறக்கவே இல்ல. உள்ள இருந்தது 8 ஜிபி சிப்பு, கார்டோட கண்ட்ரோலர ஏமாத்தி 256னு சொல்ல வெச்சிருக்காங்க, 8 ரொம்பினதும் கேமரா எழுதிட்டே போகும், கார்டு வாங்கிக்கற மாதிரி நடிச்சு தூக்கிப் போட்டுடும். சாமுண்டி மலைல எடுத்த குடும்ப படம் அதுல போச்சு, அக்கா இன்னிக்கு வரைக்கும் அத சொல்லிக் காட்டறாங்க.

அதனால ஸ்டெப் நாலு, வாங்கின அன்னிக்கே டெஸ்ட். இத மட்டும் தயவுசெஞ்சு விடாதீங்க. விண்டோஸ்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூனு (H2testw) ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கு, லினக்ஸ், மேக்ல எஃப்3னு இருக்கு. ரெண்டும் ஒரே வேலைதான் செய்யும், கார்டு முழுக்க டேட்டாவ ரொப்பி, திரும்பப் படிச்சு, எழுதினதுதானா வருதுனு சரி பாக்கும். காலி கார்டுல பண்ணுங்க. 64 ஜிபிக்கு செகண்டுக்கு 20 எம்பி வேகத்துல எழுதவே அம்பது நிமிஷத்துக்கு மேல ஆகும், அப்புறம் படிக்கற நேரம் வேற, சாப்ட உக்காரும்போது போட்டுவிட்டு போயிடுங்க. எரர் ஒண்ணு வந்தாக்கூட கார்டும் பில்லும் எடுத்துட்டு மறுநாளே கடைக்குப் போங்க.

டெஸ்ட் முடிஞ்சா கார்ட கேமராவுல போட்டு கேமரா மெனுலயே ஃபார்மட் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல பண்ணாலும் ஓடும்தான், ஆனா கேமரா தனக்கு வேணுங்கற ஃபோல்டர தானே போட்டுக்கும், பின்னாடி வர்ற பாதி தலைவலி இதுலயே போயிடும். கார்டே முரண்டு புடிச்சா எஸ்டி அசோசியேஷன் குடுக்கற எஸ்டி மெமரி கார்டு ஃபார்மட்டர்னு ஒண்ணு இருக்கு, அத போட்டுட்டு மறுபடி கேமராவுல ஃபார்மட்.

லேப்டாப் பக்கம் ஒரு ஆபத்து இருக்கு. பழைய லேப்டாப்ல இருக்கற ஸ்லாட் எஸ்டிஹெச்சியோட நின்னதா இருக்கலாம், புது 64அ சொருகினா "இத யூஸ் பண்ண ஃபார்மட் பண்ணணும், பண்ணவா"னு பவ்யமா கேக்கும். பழக்க தோஷத்துல ஓகே அமுக்கிட்டா போச்சு. வேணாம்னுட்டு கார்ட உருவி, எஸ்டிஎக்ஸ்சினு எழுதின யூஎஸ்பி 3 ரீடர் ஒண்ணு வாங்கிக்கங்க. பழைய யூஎஸ்பி 2 ரீடர்ல செகண்டுக்கு 30, 40 எம்பி வந்தாலே பெருசு, 64 ஜிபி காப்பி ஆகறதுக்குள்ள ரெண்டு காபி குடிச்சிடலாம். மைக்ரோ எஸ்டிய அடாப்டர்ல போட்டு கேமராவுல ஓட்டறதும் நடக்கும், ஆனா நடுவுல இன்னொரு கான்டாக்ட், இன்னொரு லூஸ் கனெக்ஷன், நமக்கென்ன தலையெழுத்து.

கார்டு ஓரத்துல லாக்னு ஒரு குட்டி ஸ்லைடர் இருக்கும், சொருகும்போது அது நகந்துட்டா கார்டு லாக்ட்னு வரும், வெளிய எடுத்து மேல தள்ளுங்க, அவ்வளவுதான். செவப்பு லைட் மினுக்கும்போது மட்டும் கார்ட உருவாதீங்க, பேட்டரி மூடியையும் தொறக்காதீங்க. படம் தெரியாத்தனமா அழிஞ்சிட்டா அந்த கார்டுல அதுக்கப்புறம் ஒரு க்ளிக் கூட பண்ணாம வெளிய எடுத்து வெச்சுட்டு, ஃபோட்டோரெக்னு (PhotoRec) ஒரு இலவச ப்ரோக்ராம் போட்டுப் பாருங்க, மேல எழுதாத வரைக்கும் முக்காவாசி திரும்ப வந்துடும், மச்சானோட போலி கார்டு மாதிரி எழுதவே படாத படத்த மட்டும் எந்த சாமியாலயும் கொண்டுவர முடியாது. கார்ட பீரோல வெச்சு வருஷக்கணக்கா ஆல்பம் மாதிரி பாதுகாக்கறவங்க இருக்காங்க, அதுக்கு அது செஞ்சதில்ல, ஹார்ட் டிஸ்க் ரெண்டுல காப்பி எடுத்துட்டு கார்ட காலி பண்ணுங்க.

அப்புறம் அந்த பில்லு. மெஷின்ல வர்ற வழவழ காகிதமா இருந்தா ஆறேழு மாசத்துல எழுத்து மங்கி வெள்ளையா போயிடும், கடைய விட்டு எறங்கறதுக்குள்ள ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க.